மேலே போன ஆமையும் கீழே புழுங்கிய கிளிமீனும்

இந்தக் கதை எனக்குக் கைமாறி வந்தது. என்னோடு விடுதியில் இருந்த மெட்டில்டா துணி அலசிக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அவள் சித்தப்பா சொன்னாராம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "மீனுதான் சொல்லிச்சு. வாளியை இங்க தள்ளு" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

கடலுக்குள் ஒரு பவளப்பாறை. அதில் ஒரு கிளிமீன் இருந்தது. பச்சை, நீலம், ரோஜா நிறம் என்று உடம்பெல்லாம் வண்ணம். கிளியின் அலகு போலக் கெட்டியான வாய். பாறையில் படர்ந்த பாசியைத் தின்னப் போய், பாறையையும் சேர்த்துக் கறுக் முறுக்கென்று கடித்துவிடும். வயிற்றுக்குள் போன கல் பின்னால் வெள்ளை மணலாக வெளியே வரும்.

பொந்தில் இருந்த நண்டுக்கு அதைக் கண்டாலே சிரிப்பு.

"வந்துட்டாருய்யா ராஜா! உடம்பெல்லாம் பட்டு, பின்னால கொட்டுறது மண்ணு!"

கிளிமீன் கூசிப்போய் விலகிப் போகும்.

அதே பாறையில் ஓர் ஆமையும் மேய்ந்து வந்தது. அதன்மேல்தான் கிளிமீனுக்கு வயிற்றெரிச்சல்.

காரணம் ஒரு படகு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கஸ்பார் என்பவர் தன் பாய்ப்படகில் மனைவி ரெஜினாவையும் மகள் ஷைனியையும் ஏற்றிக்கொண்டு வருவார். பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் பாயைச் சுருட்டிவிட்டு நங்கூரம் போடுவார். சற்று நேரத்தில் ஆமை மேலே போகும். தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டும்.

"அப்பா! ஆமை! ஆமை!" என்று ஷைனி குதிப்பாள்.

"சத்தம் போடாதட்டி, பயந்துரும்!" என்பார் கஸ்பார், அவளைவிடச் சத்தமாக.

ஆமையைப் பார்த்த பிறகுதான் படகு நகரும். கொஞ்சம் தள்ளி இருந்த மணல்திட்டில் இறங்கிச் சோறு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள்.

கிளிமீன் இதைப் பார்த்துப் பார்த்துப் பொருமியது. "நிறம் என்னிடம் இருக்கிறது. கைதட்டல் அந்த மண்சட்டிக்கா?"

ஒருநாள் நண்டிடம் சொன்னது: "அது எதுக்கு மேல போகுது தெரியுமா? மூஞ்சியைக் காட்டத்தான்!"

"படகு இல்லாத நாளும் போகுதே?" என்றது நண்டு.

"ஒத்திகை பார்க்குது!"

அடுத்த ஞாயிறு. படகின் நிழல் பாறைமேல் விழுந்தது. நெடுநேரம் அடியில் மேய்ந்த ஆமை அப்போதுதான் மேலே போகக் கிளம்பியது. கிளிமீன் குறுக்கே பாய்ந்தது.

"அக்கா! போகாதே! இன்னைக்குப் படகுல வலை இருக்கு!"

"வலையா? அவங்க வலை கொண்டுவர மாட்டாங்களே தம்பி?"

"என் கண்ணால பார்த்தேன்! சீக்கிரம் அந்தப் பாறை இடுக்குக்குள்ள போ. நான் காவல் இருக்கேன். அவங்க போனதும் சொல்றேன்."

"நீ நல்லா இருப்பே தம்பி" என்று சொல்லிவிட்டு ஆமை இடுக்குக்குள் நுழைந்தது.

கிளிமீன் நேராக மேலே போனது. படகுக்கு அடியில் வளைந்தது. நெளிந்தது. வெயில் படும்படி உடம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டியது.

"அங்க என்னமோ அசையுதுப்பா!" என்றாள் ஷைனி.

கிளிமீன் இன்னும் ஒருமுறை புரண்டு காட்டியது.

"அது மீனுட்டி" என்றார் கஸ்பார். "தள்ளிப் பாரு. ஆமை வந்தா தெரியாம மறைக்குது."

"எப்பவும் வருமே, இன்னைக்கு என்ன?" என்றாள் ரெஜினா. "கொஞ்சம் இருந்து பார்த்துட்டுப் போவோம்."

கிளிமீனுக்குப் பற்றி எரிந்தது. "இருங்க! சாயங்காலம் வரைக்கும் இருங்க! அது வராது!" என்று கத்திவிட்டுக் கீழே வந்தது.

இடுக்குக்குள்ளிருந்து ஆமை கேட்டது: "தம்பி, போயிட்டாங்களா?"

"இல்லை! உனக்காகத்தான் காத்திருக்காங்க!"

"எனக்கு மூச்சு முட்டுது தம்பி."

"மூச்சா? அதுக்கென்ன, வாயைத் திற! சுத்திலும் தண்ணிதானே? இழுத்து விடு!"

"தண்ணியை இழுத்தா செத்துப்போவேன். எனக்குக் காத்து வேணும். அது மேலதான் இருக்கு."

கிளிமீன் விழுந்து விழுந்து சிரித்தது. "கேட்டியா நண்டே! மூச்சு விடத்தான் அக்கா மேல போறாங்களாம்! நமக்கெல்லாம் இந்தத் தண்ணி போதும். மகாராணிக்கு மட்டும் வானத்திலிருந்து வரணுமாம்!"

நண்டு சிரிக்கவில்லை. அது அவ்வப்போது கரைக்குப் போய் வருகிற நண்டு. காற்று என்றால் என்னவென்று அதற்குத் தெரியும்.

"ஏலே, அது பொய் சொல்லலை" என்றது. "உள்ள பாரு!"

கிளிமீன் எட்டிப் பார்த்தது. ஆமை வெளியே வரத் திரும்பியிருந்தது. அவசரத்தில் ஓடு பாறை முனையில் சிக்கிக்கொண்டது. துடுப்புக் கைகள் படபடவென்று அடித்தன. பிறகு மெதுவாக அடித்தன. கண்கள் மேலே பார்த்தபடி இருந்தன.

படகு இல்லாத நாட்களிலும் ஆமை மேலே போனது கிளிமீனுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"அக்கா! அசையாதே அக்கா!"

அது பாறை முனையைக் கடித்தது. கறுக்! மறுபடியும் கடித்தது. முறுக்! அலகின் ஓரம் உடைந்தது. வலி உச்சிக்கு ஏறியது. இருந்தும் விடவில்லை. கல் பொடிந்து வெள்ளைப் புகையாய்ப் பரவியது.

"இன்னும் ஒரு கடிதான்! கடிலே!" என்று நண்டு கத்தியது.

முனை உடைந்தது. ஆமை வெளியே வந்தது. வந்த வேகத்தில் மேலே ஏறியது. "புஸ்ஸ்!" என்று ஒரு பெருமூச்சு!

"வந்துட்டு! அப்பா, ஆமை வந்துட்டு!"

"நான் சொன்னேன்லா!" என்றார் கஸ்பார். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கீழே உடைந்த வாயோடு நின்ற மீனை யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும் அதற்குள் சுருக்கென்று ஒரு பொறாமை எழுந்தது. மெட்டில்டா அப்படித்தான் சொன்னாள். நான் அதை மாற்றவில்லை.

ஆமை இறங்கி வந்தது. வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"வலை எங்கே தம்பி?"

கிளிமீன் தலை குனிந்தது. "இல்லை அக்கா. அவங்க உன்னையே பார்க்கிறாங்கன்னுதான்..."

"என்னைப் பார்க்கிறாங்களா? மேல ஏதோ சத்தம் கேட்கும். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. மூச்சை இழுத்துட்டு இறங்கிடுவேன்." என்றது ஆமை. "உனக்கு அவங்க வேணும்னா சொல்லியிருக்கலாமே. நான் அந்தப் பக்கமாப் போய் மூச்சு விட்டிருப்பேன்."

அன்றுமுதல் ஆமை பாறையின் மறுபக்கம் போய்த்தான் மூச்சு விட்டது. கிளிமீன் இருக்கும் பக்கம் மேய வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகு வந்தது. ஆமையைக் காணாமல் கொஞ்சம் நின்றது. பிறகு மணல்திட்டுக்குப் போனது. "இனி வரமாட்டாங்க" என்று கிளிமீன் நினைத்தது. அடுத்த ஞாயிறும் பாய் தெரிந்தது. ஏன் என்று அதற்குப் புரியவேயில்லை.

மணல்திட்டில் கஸ்பாரும் அதையேதான் கேட்டார். "ஆமையே இல்ல. இனி எதுக்குட்டி இவ்வளவு தூரம்?"

ஷைனி காலை நீட்டி உட்கார்ந்து, சாப்பிட்ட டிபன் பாக்ஸைக் கழுவி, அதில் வெள்ளை மணலை அள்ளி நிரப்பிக்கொண்டிருந்தாள். "ஆமை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்பா. இந்த மாதிரி மணல் நம்ம ஊர்ல எங்க இருக்கு?"

கிளிமீன் அந்த மணல்திட்டுப் பக்கம் போனதே இல்லை. அது இன்றைக்கும் பாறையின் மறுபக்கம் ஆமை மேலே போகும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தவர் ஏன் மேலே போகிறார் என்று புழுங்குகிறவருக்கு, தன்னால் ஆனது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாமலே போகிறது.

மணல் விஷயம் மட்டும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். எல்லாத் தீவுகளுக்கும் பொருந்துமா என்று தெரியவில்லை. ஆனால் சில பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பகுதி, கிளிமீன்கள் கடித்து அரைத்துக் கழித்த கல்தான்.