கல்லில் விட்ட இடம்

“எனக்கு இந்த வேலையே வேண்டாம் மதர். என்னைச் சமையலறைக்கு மாத்திடுங்க.”

தலைமையாசிரியை சிஸ்டர் ஜெசிந்தா இதைச் சொன்னபோது, மடத்துத் தலைவி மதர் எமரன்சியா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“சமையலறையில தினமும் திட்டு விழும். பரவாயில்லையா?”

“திட்டு வாங்கிட்டுத் தூங்கலாம். இங்கே தூக்கமே இல்லை.”

மதர், ஜெசிந்தாவைவிடப் பல வயது இளையவர். ஒரு காலத்தில் இதே பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்தவர். படித்த பிள்ளையே தலைவியாக வந்து உட்கார்ந்தபோது மடத்தில் எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஜெசிந்தாவுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. ஆனால் மனசு குழம்பினால் கால் தானாக இந்தப் பெண்ணிடம்தான் வந்து நிற்கிறது. ஏன் என்று அவருக்கே தெரியாது.

“என்ன விஷயம்?”

“தனிஸ்லாஸ் முதலாளி நாளைக்கு வர்றார். உப்பளக்காரர். செத்துப்போன அவங்க அம்மா ஞாபகமா எல்லா வகுப்புக்கும் திரை மாட்டித் தர்றாராம். கரும்பலகை அளவுக்குப் பெரிய திரை. விரலை வெச்சா எழுதுமாம், விரலை வெச்சா அழியுமாம். படம் ஓடுமாம்.”

“நல்லதுதானே.”

“நல்லதுதான். அதான் பயமா இருக்கு.”

மதர் துணியை முறுக்கிப் பிழிந்தார்.

“வேண்டாம்னு சொல்லிடுங்களேன்.”

“எப்படிச் சொல்றது? பைபாஸ் ரோட்டுப் பள்ளிக்கூடத்துல ரூமுக்கு ரூம் திரை. இந்த வருஷமே நம்ம ஒண்ணாம் வகுப்புல பாதி பெஞ்சு காலி. வர்ற ஜூன்லயும் இப்படியே இருந்தா சின்ன வகுப்பையெல்லாம் மூடச் சொல்லிடுவாங்க. அந்த டீச்சர்மாரை எல்லாம் வீட்டுக்கு அனுப்பணும். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு நான்தான் சொல்லணும்.”

“அப்போ வாங்கிக்குங்க.”

“வாங்கினா கரண்டு பில் யார் கட்டறது? இந்த உப்புக் காத்துல இரும்பே பொடிப்பொடியா உதிருது. ஒரு திரை கண்ணை மூடினா அதை எழுப்ப டவுன்லேர்ந்து ஆள் வரணும். வந்து நின்னதுக்கே காசு கேப்பான். பீஸைத் தவணையில கட்டற பிள்ளைங்ககிட்ட அதுக்கும் சேர்த்துக் கேக்கவா?”

“அப்போ வேண்டாம்.”

“மதர்!”

“ரெண்டு பக்கமும் நீங்களே பேசறீங்க சிஸ்டர். நடுவுல நான் எதுக்கு?”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வாங்கலாமா, வேண்டாமா?”

மதர் ஈரக் கையை முந்தியில் துடைத்தார்.

“பழைய கம்ப்யூட்டர் ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

*

பூட்டு திறக்க மறுத்தது. எண்ணெய் விட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது.

உள்ளே வரிசையாக மேசைகள். மேசைக்கு மேசை நீல வெல்வெட் உறை. ஒவ்வொரு உறையிலும் தையல் வகுப்புப் பிள்ளைகள் பூப் போட்டிருந்தார்கள். பல வருஷம் ஆகியும் பூவின் சிவப்பு மங்கவில்லை.

மதர் ஒரு உறையைத் தூக்கினார். அடியில் இருந்த கம்ப்யூட்டரின் முதுகில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“இது எப்போ செத்தது?”

“தெரியல மதர். மூடியே வெச்சிருந்தோம்.”

“பிள்ளைங்க?”

“வெள்ளிக்கிழமை செருப்பைக் கழட்டிட்டு வந்து வரிசையா நின்னு பாக்கும். கையைப் பின்னால கட்டிக்கணும்.”

“தொட விடலையா?”

“கெட்டுப்போச்சுன்னா?” ஜெசிந்தாவின் குரல் உயர்ந்து, தானே தாழ்ந்தது. “குடுத்தவங்க குடுத்துட்டுப் போயிட்டாங்க. ரிப்பேருக்குன்னு ஒரு பைசா வெக்கல. ஒண்ணு கெட்டாலும் நம்ம கையை விட்டுத்தான் போகணும். அதனால ஃபாதரைக் கூட்டிட்டு வந்து ஜெபம் பண்ணி மந்திரிச்சு, மூடி வெச்சோம். அட்டையில கீபோர்டு மாதிரி எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரைஞ்சு குடுத்தோம். பிள்ளைங்க அதுல விரல் வெச்சுப் பழகிச்சு. ஒருத்தி அட்டையிலயே அவ்வளவு வேகமா அடிப்பா. பரிசுகூடக் குடுத்தோம்.”

“சோப்பு டப்பா.”

“உங்களுக்கெப்படித் தெரியும்?”

“இன்னும் அதுலதான் சோப்பு வெச்சிருக்கேன்.”

ஜெசிந்தா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வருமா அழுகை வருமா என்று அவருக்கே பிடிபடவில்லை. இரண்டும் வரவில்லை. அசதிதான் வந்தது.

மதர் வெளியே போய்க் கதவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். சலவைக்கல். திறந்து வைத்தவர் இன்னார், அன்பளிப்பு இன்னார் என்று எழுத்து பளிச்சென்று இருந்தது.

“கல்லு மட்டும் நேத்து வெச்ச மாதிரி இருக்கு சிஸ்டர்.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்கிற வழக்கமே இவளுக்குக் கிடையாது, வகுப்பிலும் இப்படித்தான் என்று ஜெசிந்தா பூட்டிடம் சொல்லிக்கொண்டே பூட்டினார்.

*

மறுநாள் முதலாளியின் காருக்குப் பின்னால் ஒரு வேன் வந்தது. வேன் நிறைய அட்டைப்பெட்டிகள். திரை விற்ற கடையின் பையன் அல்ல, கடைக்காரரே வந்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு கருங்கல்லை வைக்கோல் சுற்றித் தூக்கி வந்தார்கள்.

“முதல்ல கல்லைப் பாருங்க மதர்,” என்றார் தனிஸ்லாஸ். “எழுத்துல தங்க முலாம். எங்க அம்மா பேரு எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க. அதுக்கு அடியில, திறந்து வைத்தவர்னு என் பேரு. சின்னதாத்தான் போடச் சொன்னேன்.”

சின்னதாக இல்லை.

மதர் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கினார். குனிந்து, முதலாளியின் பெயருக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் ஒரு கட்டம் போட்டார்.

“இந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டு வைங்க ஐயா.”

“எதுக்கு?”

“மூடி வைத்தவர் பேரு எழுத.”

முதலாளி சிரித்தார். மதர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

“நல்ல காரியத்துக்கு வந்திருக்கேன். இது என்ன பேச்சு மதர்?”

“இந்தக் கல்லு எத்தனை காலம் நிக்கும்?”

“எங்க பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளை வந்து வாசிக்கும்.”

“திரை?”

முதலாளி கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் வேனைப் பார்த்தார்.

“அஞ்சு வருஷம் சார். நல்லாப் பாத்துக்கிட்டா ஏழு.”

“அதுக்கப்புறம் கல்லு எதுக்காக நிக்கும் ஐயா?”

முதலாளியின் முகம் சிவந்தது.

“என் பணம் வேண்டாம்னா நேரா சொல்லிடுங்க. குடுக்க வந்தவனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்காதீங்க. வேனைத் திருப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. எவ்வளவு இருந்தாலும் இன்னும் குடுங்கன்னு பைபாஸ் ரோட்டுக்காரங்க ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு இருக்காங்க.”

மதர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று ஜெசிந்தா பார்த்தார்.

மதர் சாக்பீஸை ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“பள்ளிக்கூடம் சிஸ்டரோடது. அவங்க சொல்லுவாங்க.”

சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா நின்றார். ஜூன் மாதத்துக் காலி பெஞ்சு ஒரு கண்ணில். உறை போட்ட மேசைகள் ஒரு கண்ணில். வேன் டிரைவர் சாவியைத் திருகி உறும விட்டுக் காத்திருந்தான்.

“சொல்லுங்க சிஸ்டர். இறக்கவா, திருப்பவா?”

“பாதி போதும் ஐயா.”

குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

“பாதியா? மீதி வகுப்புப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சு?”

“மாத்தி மாத்தி வந்து உட்காரும். மீதித் திரைக்கு ஆகிற பணம் தனியா இருக்கட்டும். கரண்டுக்கு. ரிப்பேருக்கு. டீச்சர்மாருக்குச் சொல்லிக்குடுக்க. ஆயுசு முடிஞ்சா வேற வாங்க. அப்போதான் பிள்ளைங்களைத் தொட விடுவேன். இல்லாட்டி நானும் மூடித்தான் வெப்பேன். என்னை எனக்குத் தெரியும்.”

முதலாளி கல்லைப் பார்த்தார். பிறகு கோபமில்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் போலக் கேட்டார்.

“திரைன்னா சுவத்துல இருக்கும், பேரு எழுதலாம். கரண்டு பில்லுல எங்க அம்மா பேரை எங்கே சிஸ்டர் எழுதறது?”

ஜெசிந்தாவின் வாய் தானாகத் திறந்தது.

“அம்மா உங்களைப் பெத்ததுக்கு முனிசிபாலிட்டியில சான்றிதழ் இருக்கும்ல?”

“இருக்கு.”

“அன்னையிலேர்ந்து அவங்க போட்ட சோத்துக்கு?”

வேன் உறுமிக்கொண்டே இருந்தது. முதலாளி குனிந்து, கல்லில் அம்மாவின் பெயரில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“சார், இறக்கவா?” என்றார் கடைக்காரர்.

“பாதியை இறக்கு. அந்த இன்ஜினை முதல்ல அணைக்கச் சொல்லு.”

பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பினார்.

“மீதிப் பணம் கொஞ்ச வருஷம் வரும். தீந்தா நான் இருக்கற வரைக்கும் தர்றேன். எனக்கப்புறம்?”

ஜெசிந்தா வராந்தாவில் கிடந்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“அதைத்தான் பேசணும் ஐயா. உட்காருங்க.”