தப்பாகச் சொன்னவரின் நாற்காலி

திருச்சி தில்லைநகரில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, சௌந்தரவல்லி நடத்தும் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே வகுப்பு கிடையாது. அன்றைக்குக் கூடுகிறவர்கள் ஊகக்காரர்கள், அவளையும் சேர்த்து நாலு பேர்.

அவர்கள் ஊகிப்பது ஒரே ஒரு சிப் கம்பெனியைப் பற்றி. அது அடுத்து என்ன பிராசசர் கொண்டுவரும், என்ன விலை வைக்கும், போட்டிக் கம்பெனியை எந்தப் பக்கம் மடக்கும். இந்த நாலு பேரும் அதைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அதைச் செய்கிறவர்களே பேசியிருக்க மாட்டார்கள்.

ஆரம்பித்த காலத்தில் நாலு பேரில் ஒருவரிடமும் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. வாங்க முடியாததைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகையை நடுவில் விரித்துவைத்து, அடுத்த சிப் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டார்கள். பிறகு எல்லோரும் வாங்கினார்கள், மாற்றினார்கள், மறுபடி வாங்கினார்கள். அந்தப் பழைய சண்டையின் ருசி எந்த மெஷினிலும் வரவில்லை என்று தணிகாசலம் அடிக்கடி சொல்வார்.

தணிகாசலம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சௌந்தரவல்லியைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார். அதற்குக் காரணம் ஒரு நாற்காலி.

புது பிராசசர் அறிவிப்பு வந்ததும், யார் ஊகம் ரொம்பத் தப்போ அவருக்கு அந்த அறையின் ஒரே பிரம்பு நாற்காலி. அடுத்த அறிவிப்புவரை அவர்தான் குரு, மற்றவர்களுக்கு பெஞ்சு. சரியாகச் சொன்னவருக்குப் பெருமை தானாக வந்துவிடும், தப்பாகச் சொன்னவருக்கு உட்கார இடமாவது இருக்கட்டும் என்று யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது. முதலில் நாற்காலி ஆள் மாறி ஆள் மாறிப் போனது. ஒரு கட்டத்தில் சௌந்தரவல்லியிடம் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கல் எறிந்தால்கூட ஒரு மாங்காயாவது விழும், அவளுக்கு அதுவும் விழுந்ததில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் தணிகாசலம் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“சந்தேகத்தை மட்டும் கேளுங்க சார். கதை வேண்டாம்.”

“கதையைச் சொன்னாத்தான் சந்தேகம் புரியும். என் மாப்பிள்ளை நிரஞ்சன் பெங்களூர்ல எந்தக் கம்பெனிக்கு மாறியிருக்கார் தெரியுமா? நம்ம கம்பெனிக்கு.”

சௌந்தரவல்லி கையை உயர்த்தினாள். “மேல சொல்லாதீங்க.”

அவர் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் அடக்கிய ஆசை. “அடுத்த சிப் பழைய மதர்போர்டுல உக்காராதாம். மலிவு விலை வரிசையை அடியோட நிறுத்தறாங்களாம். நம்ம எல்லாரும் முதமுதல்ல வாங்கினோமே, அந்த வரிசை. இனிமே பெரிய பெரிய கம்பெனிகளுக்குத்தான் வியாபாரமாம். சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிட்டார். வெளியில தெரிஞ்சா வேலை போயிடும் மாமான்னு கையப் பிடிச்சுக்கிட்டார்.”

அவள் உயர்த்திய கையை மெல்லக் கீழே இறக்கினாள். அவள் முகம் வாடியதைப் பார்த்து, மாப்பிள்ளைக்காக வருந்துகிறாள் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார்.

“சரி. சந்தேகம் என்ன?”

“ஞாயித்துக்கிழமை இதை நான் ஊகம் மாதிரி சொல்லிட்டா என்ன? நாலு பேரும் என்னென்னவோ சொல்றோம். அதுல இதுவும் ஒண்ணு. ஒரே ஒரு தடவை சரியா சொல்லிட்டுப் போறேனே.”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊகக்காரர்களில் மூன்றாமவர் அச்சகம் வைத்திருக்கும் கபூர், நாலாமவர் அமல்தாஸ். அவரவர் ஊகத்தைக் கபூர் பெயர் போட்டு இணையத்தில் ஏற்றிவிடுவார். அதைப் படிக்க எங்கெங்கோ ஆள் இருந்தார்கள். அந்தக் கம்பெனிக்குள்ளேயும் இருந்தார்கள் என்று கேள்வி.

சௌந்தரவல்லி கதவைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நான்தான் கபூர்னு வெச்சுக்கங்க. உங்க ஊகத்தைச் சொல்லுங்க.”

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். போர்டு, வரிசை, வியாபாரம், எல்லாம் வரிசையாக வந்தது. சொல்லி முடித்துப் பெருமையாகப் பார்த்தார்.

“இது ஊகம் இல்ல சார்.”

“ஏன்?”

“‘இருக்கலாம்’னு ஒரு தடவைகூட நீங்க சொல்லல. எப்பவும் ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அமல்தாஸ் முகத்தைப் பார்ப்பீங்க, அடிக்க வர்றாரான்னு. இன்னிக்கு யாரையும் பார்க்கல.”

தணிகாசலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப வாயே திறக்காம இருந்துடறேன்.”

“நீங்களா? கல்யாண வீட்டுக்குக்கூட போகாம வந்து பேசின ஆளு. நீங்க வாயை மூடினா, மாப்பிள்ளை எங்க வேலை பார்க்கறார்னுதான் கபூர் முதல்ல கேப்பார்.”

“வராமலே இருந்துட்டா?”

“அதுக்கும் அதேதான்.”

“பின்ன என்னதான் பண்றது? தெரிஞ்சுக்கிட்டு எப்படி இங்க உக்கார்றது?”

கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போடுவது கேட்டது.

“நல்லா தப்பா சொல்லுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அமல்தாஸ் தன் ஊகத்தைச் சொன்னார், கபூர் அதை அடித்து நொறுக்கினார். கபூர் சொன்னதை அமல்தாஸ் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். சௌந்தரவல்லி நாற்காலியில் இருந்தபடி வழக்கம்போல ஏதோ சொன்னாள், எல்லோரும் வழக்கம்போலத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

தணிகாசலத்தின் முறை. தப்பாகச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. எங்கேயும் உண்மை ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விலக்க வேண்டியிருந்தது.

“பழைய போர்டுலேயே உக்காரும்னு நினைக்கறேன்” என்றார். “பத்து வருஷப் பழசுலகூட உக்காரலாம். மலிவு வரிசை விலை பாதியாகும். பெரிய கம்பெனி வியாபாரத்தையே விட்டுட்டு, நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒரு சிப் வரலாம். அமல்தாஸ், என்ன சொல்றீங்க?”

அமல்தாஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “குருவுக்கே குருவா வந்துட்டீங்களே” என்றார் கபூர். தணிகாசலமும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் அவர் இல்லை. இவர்கள் மூன்று பேரோடு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சில், முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது.

மாதம் ஒன்று போனது. அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளை சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. அவர் வேலைக்கும் ஆபத்து வரவில்லை.

அந்த ஞாயிறு கபூர் தீர்ப்பு சொன்னார். “எல்லாருமே தப்பு. ஆனா தணிகாசலம் அளவுக்கு யாராலும் தப்பா சொல்ல முடியாது. நாற்காலி அவருக்கு.” சொல்லிவிட்டு அமல்தாஸோடு டீ வாங்கக் கீழே இறங்கிப் போனார்.

அறையில் இரண்டு பேர்தான். தணிகாசலம் நாற்காலியைப் பார்த்தார். சௌந்தரவல்லியைப் பார்த்தார். ஒன்றுகூடச் சரியாக வராமல் சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருக்கு இப்போது தெரியும்.

“மேடம்” என்றார். குருவே என்று வரவில்லை. “இத்தனை வருஷமும் உங்களுக்கு…”

“என் தங்கச்சி வீட்டுக்காரர் அங்கதான் சார் இருந்தார். வெளிநாட்டுல. என் தங்கச்சி ஓட்டை வாய். போன் பண்ணும்போதெல்லாம் சொல்லிடுவா.”

“ஒரு நாளும் நீங்க வாய் தவறலையே.”

“அவர் சோத்துல மண்ணைப் போட முடியுமா?”

“இனிமேயும் இப்படியேவா?” என்றார்.

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். பெஞ்சில் அமல்தாஸின் பையைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அவர் போன சித்திரையில ரிட்டயர் ஆயிட்டார் சார். இந்தத் தடவை எனக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தக் காலத்துல மாதிரி பேசலாம்னு எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா? அந்தப் புதன்கிழமை நீங்க வந்துட்டீங்க.”

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“உக்காருங்க” என்றாள் அவள். “அடுத்த தடவை எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரியாம பேசி எனக்கு ரொம்ப வருஷமாச்சு.”