நான்காவது மூச்சு

கோல்பால் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். பார்வையற்றவர்கள் ஆடும் ஆட்டம் அது. கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்களும் கறுப்புக் கண்மூடி போட்டுக்கொள்ள வேண்டும். பந்துக்குள் மணி இருக்கும். எதிரணி அதைத் தரையோடு உருட்டி எறியும். சத்தத்தை வைத்து, உடம்பைக் குறுக்கே கிடத்தித் தடுக்க வேண்டும். பந்து ஓடும்போது அரங்கில் யாரும் இருமக்கூடாது.

செண்பகவல்லி பதினோரு வருடமாக நம் நாட்டு அணியின் நடு ஆட்டக்காரி. பதினோரு வருடமும் அவளுக்கு இடப்பக்கம் நின்றவள் லூர்துமேரி. சர்வதேசப் போட்டிக்குப் புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போது லூர்து டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் இடத்துக்கு ஒடிசாவிலிருந்து சஞ்சுக்தா வந்தாள்.

பத்து கோல் வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். முதல் ஆட்டத்தைப் பாதி நேரத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். இரண்டாவதையும் அப்படித்தான். மூன்றாவது ஆட்டம் இன்னும் சீக்கிரம் முடிந்தது.

கோல்கள் எல்லாம் ஒரே வழியாகப் போயின. தடுக்கப் படுக்கும்போது செண்பகவல்லியின் விரல் நுனிக்கும் சஞ்சுக்தாவின் பாதத்துக்கும் நடுவே ஓர் ஆள் அளவு இடம் திறந்து கிடந்தது.

கூட வந்திருந்த அதிகாரி சொன்னார்: "எட்டு டீம்ல எட்டாவதா வந்தா, இந்த அணியைக் கலைச்சிடுவாங்க. நாளைக்கு ஏழாவது இடத்துக்கான ஆட்டம். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

அன்று மத்தியானம் செண்பகவல்லி பயிற்சியாளரின் அறைக்கதவைத் தட்டினாள்.

பயிற்சியாளர் ரெஜினா அவளைவிட ஏழு வயது சிறியவள். ஆறு வயதிலேயே பார்வை போனவள். முழங்கால் கெட்டுப்போகும்வரை அவளும் இதே அணியில் ஆடினாள். செண்பகவல்லி அவளைக் கோச் என்பாள். அவள் செண்பகவல்லியை அக்கா என்பாள்.

"உட்காருங்க அக்கா."

"உட்காரல கோச். ஒன்னு கேட்கணும். ஏன் அந்த இடத்தை விடுறேன்னு நீங்க என்னைத் திட்டவே இல்லையே?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நான் விடல. அங்கே ஆள் இருக்கு."

ரெஜினா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"லூர்து இருக்கா. எனக்கும் அந்தப் புள்ளைக்கும் நடுவுல. முதல் ஆட்டத்துல மூச்சு மட்டும் கேட்டுச்சு. மூச்சை விட்டு முடிக்கும்போது சின்னதா ஒரு விசில் வருமே அவளுக்கு, அது. நான் மூணு பேர் மூச்சை எண்ணுவேன் கோச். நாலு வருது."

"பயமா இருந்துதா?"

"இல்லை. அவ இருக்கான்னு நிம்மதியா இருந்துச்சு. பந்து அந்தப் பக்கம் வந்தா அவ பார்த்துக்குவான்னு விட்டுட்டேன். பதினோரு வருஷப் பழக்கம். பந்து அவளைத் தாண்டிப் போயிடுது."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நேத்து நடுவுல ஆட்டத்தை நிறுத்தித் தரையைத் துடைச்சாங்க இல்லையா? வேர்வை இருந்தா வழுக்கும்னு துடைப்பாங்களே. துணி தேய்க்கிற சத்தம் கேட்டேன். வலது பக்கம் துடைச்சாங்க. எனக்கு முன்னாடி துடைச்சாங்க. சஞ்சுக்தா பக்கம் துடைச்சாங்க. அப்புறம் திரும்பி வந்து அந்த நடு இடத்தையும் துடைச்சாங்க. பிசியோதெரபி பொண்ணுக்குக் கண்ணு தெரியுமே, அவகிட்ட கேட்டேன். 'ஆமாக்கா, அங்கேயும் ஈரமா இருந்துச்சு. ஒரு ஆள் படுத்த நீளத்துக்கு'ன்னா."

"சஞ்சுக்தா அங்கே உருண்டிருக்கலாம்."

"உருளல. உருண்டிருந்தா என் கை மேல பட்டிருப்பா."

ஜன்னலுக்கு வெளியே யாரோ புரியாத மொழியில் பேசிக்கொண்டு போனார்கள்.

"சொல்லுங்க கோச். அது லூர்தா? இல்லை என் காது கெட்டுப்போச்சா?"

ரெஜினா தடியை எடுத்துக்கொண்டாள். "வாங்க."

பயிற்சி அரங்கு காலியாக இருந்தது. தரையில் கோடுகளுக்கு அடியில் கயிறு வைத்து ஒட்டியிருப்பார்கள், தடவினால் இடம் தெரியும். செண்பகவல்லி தன் கோட்டைத் தடவிப் பிடித்து நடுவில் குனிந்தாள். ரெஜினா இடப்பக்கக் கோட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"பேசாம இருங்க" என்றாள்.

இருவரும் காத்திருந்தார்கள். எங்கோ ஒரு கதவு மூடிக்கொண்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. செண்பகவல்லி தன் மூச்சை முதலில் ஒதுக்கினாள். பிறகு ரெஜினாவின் மூச்சை ஒதுக்கினாள்.

மிச்சம் ஒன்று இருந்தது. நீளமாக உள்ளே போனது. வெளியே வரும்போது கடைசியில் மெல்லிய விசில்.

"கேட்குது" என்றாள் ரெஜினா.

செண்பகவல்லிக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. அது பிரமை என்று கோச் சொல்லித் தன்னைத் தேற்றுவாள் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். இவ்வளவு நாளும் வராத பயம் இப்போது வந்தது.

"விசிலோடயா?"

"விசிலோட."

ரெஜினா எழுந்தாள். பைக்குள்ளிருந்து பந்தை எடுக்கும் சத்தம் கேட்டது. தடியின் தட்டல் மெல்ல மெல்ல அரங்கின் மறுகோடிக்குப் போய் நின்றது.

"என்ன பண்றீங்க கோச்?"

"எறியப் போறேன்."

"எங்கே?"

"அவ மேல."

அசையாமல் நிற்பவர் கையில் பந்து சத்தம் போடாது. ஆனால் மணி கிணுகிணுத்தது. கோச்சின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கோச், அது ஒன்னேகால் கிலோ..."

மணி ஓடிவந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு, நேராக அந்த நடு இடத்துக்கு.

"வேண்டாம்!"

யோசித்துச் செய்தது இல்லை. செண்பகவல்லியின் உடம்பு இடப்பக்கம் பாய்ந்து நீண்டு கிடந்தது. பந்து அடிவயிற்றில் இடித்து நின்றது. அவளுக்குக் கீழே தரை இருந்தது. தரை மட்டும்தான் இருந்தது. ஆனால் அது அந்தக் குளிரூட்டிய அரங்கிலும், சற்றுமுன் ஒருவர் எழுந்துபோன பாய் போல வெதுவெதுப்பாக இருந்தது.

ரெஜினா தட்டித் தட்டித் திரும்பி வந்து அவளுக்குக் கை கொடுத்தாள். அவளும் லூர்துவோடு ஆறு வருடம் ஒரே அறையில் தங்கியவள்தான்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆட்டம். நல்லா சாப்பிடுங்க அக்கா" என்றாள்.

மறுநாள் அரங்கில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்றார்கள். நடுவர் அமைதி கேட்டதும், ஒருவரும் இல்லாத இடம்போல ஆகிவிட்டது.

ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாயைத் திறந்தால் தண்டனை உண்டு. ரெஜினா பெஞ்சில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது மூச்சு முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டது. செண்பகவல்லி அதை எண்ணினாள். எண்ணிவிட்டு, பந்து அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் அதற்கு முன்னால் பாய்ந்து விழுந்தாள். முழங்கை தோல் உரிந்தது. மூன்று பந்துகள் வலப்பக்கமாக உள்ளே போயின. நடுவழியாக ஒன்றும் போகவில்லை. சஞ்சுக்தா இரண்டு கோல் போட்டாள். வலப்பக்க ஆட்டக்காரி ஒன்று. செண்பகவல்லி ஒன்று.

நாலுக்கு மூன்று. ஒன்பது விநாடி மிச்சம். பந்து எதிரணியின் நெட்டைக்காரியிடம் இருந்தது.

பந்தைச் சுழலவிடாமல் தரையில் வழுக்கவிடச் சிலருக்குத் தெரியும். அப்போது மணி அசையாது. நெட்டைக்காரி அதைத்தான் செய்தாள்.

செண்பகவல்லிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பந்து எறியப்பட்டதா என்றே தெரியவில்லை. இடப்பக்கம் அந்த மூச்சு மட்டும் நீளமாக உள்ளே போனது. உள்ளே போனது வெளியே வரவில்லை. அடி வாங்கப் போகிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல நின்றது.

அவள் பாய்ந்தாள்.

விலாவில் இடி விழுந்தது. "அம்மா" என்று ஒரு குரல் எழுந்தது. முடிவுச் சங்கு ஊதியது. அதன்பிறகுதான் ஆயிரம் பேரும் ஒரேயடியாகச் சத்தம் போட்டார்கள்.

எட்டு அணிகளில் ஏழாம் இடம். அதிகாரி யாருக்கோ போன் செய்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சஞ்சுக்தா இந்தியில் ஏதோ சொல்லி, அழுதுகொண்டே சிரித்தாள்.

உடை மாற்றும் அறையில் பிசியோதெரபி பெண் ஐஸ் கொண்டுவரப் போயிருந்தாள். செண்பகவல்லியும் ரெஜினாவும் மட்டும் இருந்தார்கள்.

"கோச். கடைசிப் பந்துல மணி கேட்கல, அவ மூச்சைப் பிடிச்சதை வெச்சுத்தான் பாய்ஞ்சேன். அம்மான்னு கத்தினது நான் இல்லை."

ரெஜினா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சங்கு ஊதினப்புறம் மூச்சை எண்ணினேன். ஒரே கூச்சல், எண்ண முடியல. இப்போ இங்கே எண்ணினேன். ரெண்டுதான் வருது. போயிட்டாளா? இல்லை, இருந்ததே இல்லையா? இன்னைக்கு அவ அங்கே இருந்தாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. நான் வேற எதுவும் கேட்கல."

ரெஜினா கையை நீட்டித் துழாவி, அவள் விலாவைக் கண்டுபிடித்தாள். வீங்கியிருந்த இடத்தில் மெல்ல அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"உயிர் போகுது."

"அவ இருந்திருந்தா இந்த அடி அவ மேல விழுந்திருக்கும். இல்லாம இருந்திருந்தா கோல் விழுந்திருக்கும். ரெண்டும் விழலையே, அக்கா."