உருண்டையின் பள்ளிக்கூடம்

ஆற்றங்கரை மருதமரத்து வேருக்கடியில் அல்லி என்ற நீர்நாய் வளை தோண்டிக் குடியிருந்தது. அதற்கு ஒரே குட்டி. பெயர் உருண்டை. ஏன் அந்தப் பெயர் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போதே நீந்த வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆடியில் வெள்ளம் வந்து வளைக்குள் புகுவதற்குள் உருண்டை நீந்தியாக வேண்டும். அல்லிக்கு அதே கவலை.

நல்ல பள்ளிக்கூடம் தேடிக் கிளம்பியது அல்லி. முதலில் பவளம் என்ற நீர்க்கோழி நடத்தும் பள்ளி. ஆழமில்லாத குட்டை ஒன்றில் பிள்ளைகள் புரண்டுகொண்டிருந்தார்கள்.

"என்ன பாடம் நடத்துறீங்க டீச்சர்?"

"காலையில சேறு. அப்புறம் தண்ணி. மத்தியானம் தூக்கம்."

"சேறு என் வீட்டு வாசல்லயே இருக்கே! அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று அல்லி திரும்பிவிட்டது.

அடுத்தது மேட்டு நிலத்தில் மைனா நடத்தும் பள்ளி. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பிள்ளைகள் வரிசையாக, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டே மாசத்துல நாப்பது மீன் பேர் மனப்பாடம். நான் பொறுப்பு" என்றது மைனா.

அல்லிக்கு வாயெல்லாம் பல். அன்றே சேர்த்துவிட்டது.

"அயிரை, ஆரல், உளுவை, கெண்டை, கெளுத்தி..." உருண்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்க, அல்லிக்கு உச்சி குளிர்ந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்த கொக்கைக்கூட நிறுத்தி வைத்துக் கேட்கச் சொன்னது. பாவம், கொக்கு அன்று பட்டினி.

ஆனி பாதி கழிந்தது. அல்லி குட்டியை ஆற்றுக்குக் கூட்டிப் போனது.

"இறங்கு கண்ணு."

உருண்டையின் கால் நகரவில்லை.

"அம்மா, எனக்கு மீனெல்லாம் தெரியும். தண்ணிதான் தெரியல."

அல்லிக்கு அப்போதுதான் தன் தவறு உறைத்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பவளத்தின் வாசலில் போய் நின்றது.

"இன்னும் இருபது நாள்தான் இருக்கு டீச்சர். நீந்த வச்சிருவீங்களா?"

பவளம் குத்திக்காட்டவில்லை. "முதல்ல அவன் சறுக்கட்டும்" என்றது.

குட்டைக் கரையில் ஒரு சேற்றுச் சறுக்கு இருந்தது. முதல் நாள் உருண்டை வேடிக்கை மட்டும் பார்த்தது. மூன்றாம் நாள் சறுக்கிப் பாதியில் நின்றது. ஒரு வாரத்தில் கால் நனைந்தது. பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. பயப்பட நேரமே கிடைக்கவில்லை. அதற்குள் கால்கள் துழாவத் தொடங்கிவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த அல்லி அழுதேவிட்டது.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் வெள்ளம் வந்தது. வளைக்குள் தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

"என் பின்னாலயே வா!"

சுழல் இழுத்தது. கிளைகள் மோதின. அல்லி திரும்பித் திரும்பிப் பார்த்தது. அந்தக் குட்டித் தலை ஒவ்வொரு முறையும் தண்ணீருக்கு மேலேயே இருந்தது.

அக்கரை ஏறியதும் உருண்டை உடம்பை உதறிக்கொண்டது. அல்லி அதை நக்கி நக்கிக் கொடுத்தது.

உருண்டை ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. "அம்மா, இன்னொரு தடவை போலாமா?"

பிஞ்சு வயதில் ஒப்பிக்கக் கற்றதைவிட, பயமில்லாமல் விளையாடிக் கற்றதே பிள்ளையைக் கரை சேர்க்கும்.