கட்டுச்சோறு கட்டிய யானைப் படை

ஒரு காட்டில் அந்த வருடக் கோடை பொல்லாததாக இருந்தது. ஓடை வற்றியது. குட்டை சேறாகி, சேறும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி ஒன்று உண்டு. ஆனால் அங்கே போக ஒரே ஒரு கணவாய்தான். அந்தக் கணவாயைச் செந்நாய்க் கூட்டம் ஒன்று பிடித்து வைத்திருந்தது.

யானைக் கூட்டத்தின் தலைவி நாச்சி. அவளுக்குப் பிறந்து இருபதே நாளான குட்டி ஒன்று இருந்தது. தாய்க்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, பால் எங்கிருந்து சுரக்கும்? குட்டி நாளுக்கு நாள் துவண்டது. இன்னும் மூன்று நாள் தாங்கினால் பெரிது என்று நாச்சிக்குத் தெரிந்துவிட்டது.

யானைக்கு முன் செந்நாய் எம்மாத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். நேருக்கு நேர் நின்றால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் அவை நின்றால்தானே! நாச்சியின் அம்மா காலத்தில் ஐம்பது யானைகள் மலையேறின. செந்நாய்கள் பாறை இடுக்கிலிருந்து பாய்ந்து பின்னங்காலைக் கடிக்கும். யானை தன் பெரிய உடம்பைத் திருப்புவதற்குள் ஓடி ஒளிந்துவிடும். ஐம்பதும் வால் கிழிந்து, காது கிழிந்து திரும்பி வந்தன.

"இது அந்தக் காலத்துப் படை இல்ல நாச்சி," என்றது கழுகு செங்கண்ணன். "மேலேயிருந்து பார்க்க நான் இருக்கேன். ஒரு எறும்பு நகர்ந்தாலும் சொல்லிடுவேன். நாய் எங்கே போய் ஒளியும்?"

நாச்சியும் சும்மா இருக்கவில்லை. நீள வரிசையாகப் போகாமல் மும்மூன்று பேராகப் பிரிந்து நடக்கத் தன் கூட்டத்தைப் பழக்கினாள். குட்டிகளை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் புதுப் படை கிளம்பியது.

கழுகு நாள் முழுதும் வட்டமடித்தது. ஒரு வால் நுனிகூட அதன் கண்ணில் படவில்லை. கணவாயை நெருங்கியபோது எங்கிருந்தோ நாய்கள் பாய்ந்தன. கொம்பையன் என்ற ஆண் யானையின் காலைக் கடித்துக் குதறிவிட்டு மறைந்தன. படை நொண்டிக்கொண்டு இறங்கியது.

"பாறைக்கு அடியில இருந்தா நான் என்ன பண்றது?" என்று செங்கண்ணன் இறகைக் கோதிக்கொண்டது.

நாச்சி கொம்பையனின் காயத்தில் புழுதியைத் தூவினாள். அவள் காதில் வேறொன்று ஒலித்துக்கொண்டிருந்தது. யானைகள் மலையில் கால் வைத்ததுமே "குக்! குக்!" என்று ஒரு கருமந்தி கத்தியது. குரங்கு என்றால் கத்தத்தான் செய்யும் என்று இத்தனை காலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த நாள் அவள் தனியாக மலைக்குப் போய் ஒரு பலா மரத்தடியில் நின்றாள். கருமந்திகளின் தலைவி பூவாயி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"பூவாயி, நீ நாய்ங்களுக்குக் காவல்காரியா?"

"காவலா? என் குட்டிகள் ரெண்டைத் தின்ன கூட்டம் அது. பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"அப்புறம் ஏன் எங்களைக் காட்டிக் கொடுக்கிறே?"

"நாய் மரம் ஏறாது. மேலே இருந்தா நான் பிழைச்சுக்குவேன். நீங்க வந்தா மரமே இருக்காதே! உங்க அம்மா படை வந்துட்டுப் போனப்போ ரெண்டு வருஷம் நாங்க அரை வயிறு. நேத்து மட்டும் ஏழு பலா சாய்ஞ்சிருக்கு. உங்களைக் கண்டா கத்தாம என்ன பண்ணச் சொல்றே?"

நாச்சிக்கு வெட்கமாகிவிட்டது. யானை நடப்பதே அப்படித்தான். நடக்கும், முறிக்கும், ரெண்டு வாய் மெல்லும், மீதியைப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும். அது தப்பு என்று எந்த யானையும் நினைத்ததில்லை.

"நாளைக்கு ஒரு மரம்கூடச் சாயாது," என்றாள்.

"பழுத்த பலா வாசனை அடிக்கட்டும், அப்போ பார்க்கலாம் உன் வாக்கை!"

"பார்த்துட்டு அப்புறம் கத்து."

மறுநாள் காலையில் ஒவ்வொரு யானையும் மூங்கில் இலையையும் புல்லையும் கட்டாகச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டது.

"மலை முழுக்கப் பழம் தொங்குது. நான் கட்டுச்சோறு சுமக்கணுமா?" என்று கொம்பையன் முனகினான். "நாம படையா அக்கா, சந்தைக்குப் போற கழுதையா?"

"கழுதையாவே இரு. வாயை மூடிட்டு நட."

மலையேறியபோது பலா வாசனை மூக்கைத் துளைத்தது. யானைகள் தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு நடந்தன. கொம்பையனின் தும்பிக்கை மட்டும் மெல்ல மெல்ல ஒரு பழத்தை நோக்கி நீண்டது. நாச்சி பளாரென்று ஒன்று வைத்தாள். அது வெடுக்கென்று சுருண்டுகொண்டது.

மேலே கிளைகளில் கரிய முகங்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது கத்திவிடுமோ, இதோ கத்திவிடுமோ என்று நாச்சி காதை விரித்துக்கொண்டே நடந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

கணவாய்க்குச் சற்று முன் பூவாயி தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது. "மூணாவது பாறைக்கு அடியில குகை," என்று காதோடு சொன்னது. "பின்னாடி அத்திப் புதருக்குள்ள இன்னொரு வாசல். அது வழியாத்தான் எப்பவும் நழுவுதுங்க. என் குரல் கேட்காததால எல்லாம் அசந்து தூங்குதுங்க."

கொம்பையன் நொண்டிக்கொண்டே போய் ஒரு பாறையைப் புரட்டிப் பின்வாசலை அடைத்தான். முன்வாசலில் நாச்சி நின்றாள்.

செந்நாய்த் தலைவன் ஓரிவாலன் திடுக்கிட்டு விழித்தான். "மந்தி கத்தவே இல்லையே!" என்று அலறியபடி பின்பக்கம் ஓடினான். அங்கே பாறை. முன்னால் வந்தால் நாச்சியின் கால்கள். வாலை ஒடுக்கிக்கொண்டு படுத்துவிட்டான்.

"உயிரை மட்டும் விட்டுடுங்க தாயி!"

"விடுறேன். இந்த மலைப்பக்கம் இனிமே தலை காட்டக் கூடாது."

யானைகளின் கால்களுக்கு நடுவே புகுந்து நாய்கள் விழுந்தடித்து ஓடின. திரும்பிப் பார்க்க ஒன்றுக்கும் துணிவில்லை.

உச்சி வெயிலுக்குள் அடிவாரத்தில் இருந்த குட்டிகளையும் அழைத்து வந்து கணவாயைக் கடந்துவிட்டார்கள். நாச்சியின் குட்டி தள்ளாடித் தள்ளாடி ஏரிக்குள் இறங்கி, கால் வழுக்கி, முகம் குப்புற விழுந்து, தண்ணீரைக் குடித்துத் தும்மியது. அந்தத் தும்மலைக் கேட்டதும் நாச்சிக்கு அப்பாடா என்று இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

"பார்த்தியா நாச்சி, நான் இருந்ததாலதானே ஜெயிச்சோம்!" என்றது செங்கண்ணன், தலைக்கு மேலே வட்டமடித்தபடி.

நாச்சியின் வாய் நிறையத் தண்ணீர். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

நீதி: எத்தனை புதிய பலம் சேர்ந்தாலும், ஓர் இடத்தில் வாழ்பவர்களின் வயிற்றில் அடிக்காதவருக்கே அந்த இடம் வழிவிடும்.