ஆமான்னு சொன்னப்புறம் பேசு

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தான், ராசா இருந்தா சிறையும் இருக்குமே, அங்க பொம்பளைங்களுக்குன்னு ஒரு சிறை, அதுக்கு மூக்கையன்னு ஒரு அதிகாரி. கைதிங்க சண்ட போட்டா அன்னைக்குக் கஞ்சி கெடையாதுன்னு சட்டம் வச்சிருந்தான். மிச்ச அரிசி எங்க போகும்ங்கிறீங்க? அவன் வீட்டுக்குத்தான், பாவிப்பய! அதனால இவகிட்ட அவளப் பத்தி, அவகிட்ட இவளப் பத்திக் கோள் சொல்லி அவனே மூட்டி விடுவான். இதுகளும் மயிரப் பிடிச்சு அடிச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்கும்.

அங்க பேச்சாயின்னு ஒருத்தி. அரண்மனத் தோட்டத்துல முருங்கக்கீர ஒடிச்சான்னு பிடிச்சுப் போட்டிருந்தாங்க. கீரைக்குச் சிறையாம், எனக்கு வயிறு எரியுது!

அவ சொன்னா, சண்ட வந்தா ஒடனே பதில் பேசாதீங்க, மத்தவ சொன்னத மொதல்ல திருப்பிச் சொல்லுங்க, அவ ஆமான்னு சொன்னப்புறம் ஒங்க பேச்சப் பேசுங்கன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு நா கம்பளிக்குச் சண்ட. கைய ஓங்குனவ நிறுத்தி, "ஒனக்குக் குளுருதுங்கிற, அதானே?"ன்னு கேட்டா. மத்தவ ஆமான்னு சொல்லும்போதே அழுதுட்டா. அப்புறமென்ன, கத்துக்கிட்டவ அடுத்த கொட்டடிக்குச் சொல்லிக் குடுத்தா, அங்க கத்துக்கிட்டவ அதுக்கடுத்ததுக்குச் சொல்லிக் குடுத்தா, எல்லாரும் கஞ்சி குடிச்சாங்க. இப்பிடிப் பேசப்போயி, கோள் சொல்லி மூட்டி விட்டது மூக்கையன்தான்னும் வெளிய வந்துச்சு.

மூக்கையனுக்குப் பொறுக்குமா? பேச்சாயி கலகத்துக்கு ஆள் சேக்குறான்னு ராசாகிட்ட வத்தி வச்சான். ராசாவும் ஒரு வார்த்த விசாரிக்காம, அவள இருட்டறையில போட வந்து நின்னான்.

கைதிங்க குறுக்க நின்னு கஞ்சிக் கதையச் சொல்லி, இதத் திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் தண்டிங்கன்னாங்க. ராசா, நீங்க கலகம் பண்றீங்கன்னான். இல்லன்னாங்க. கஞ்சி பத்தலங்கிறீங்கன்னான். அதுவும் இல்லன்னு மறுபடி சொன்னாங்க. மூணாந்தடவ, "மூக்கையன் சண்டைய மூட்டிவிட்டு ஒங்க கஞ்சியத் திங்கிறான்"னு ராசா தன் வாயாலயே சொன்னான். ஆமான்னு சிறையே சொல்லுச்சு. மூக்கையனப் பிடிச்சு இருட்டறையில தள்ளுனாங்க.

அப்புறம் ராசா பெரிய மனசு பண்றவனாட்டம், "பேச்சாயி, ஒன்ன மன்னிச்சேன், போ"ன்னான். அவ நகரல.

"என் வழக்கு என்னன்னு சொல்லுங்க மகாராசா, ஆமான்னுட்டுப் போறேன்."

கேட்டிருந்தாத்தானே ராசாவுக்குத் தெரியும்! வெக்கப்பட்டுத் தரையில ஒக்காந்து, அவ கதைய, பக்கத்துல இருந்தவ கதைய, அதுக்கடுத்தவ கதையன்னு எல்லாத்தையும் கேட்டுத் திருப்பிச் சொன்னான். பாதிப் பேருக்குக் குத்தமே இல்ல.

பேச்சாயியும் அவங்களும் வீட்டுக்குப் போனாங்க, நீங்க தூங்கப் போங்க. அந்த ராசாவ மட்டும் நான் இன்னும் மன்னிக்கல.