காலி செய்து கொடுத்த காது

ஈரோட்டுக் கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் கருப்பு ஹெட்போனும் வெள்ளை ஹெட்போனும் அக்கம்பக்கமாகக் குடியிருந்த காலம். வெவ்வேறு கம்பெனி என்றாலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த விலைக்கு ஒரு கன்றுக்குட்டி பிடித்து வரலாம். வயர் கிடையாது. காதில் மாட்டினால் வெளிச் சத்தத்தை உள்ளே விடாது. அதுதான் இரண்டுக்கும் தொழில்.

"நான் காவல் நின்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது," என்றது கருப்பு. "நீயும் இருக்கிறாயே, கதவைச் சாத்தத் தெரியாத வாட்ச்மேன்."

"சாத்துகிறேன் அண்ணே. கொஞ்சம் இடுக்கு விழுகிறது. அதற்காக ஒருவர் காதைப் போட்டு நெரிக்க முடியுமா?" என்றது வெள்ளை.

ஒரு நாள் காலையில் திருச்செங்கோட்டிலிருந்து செங்கோடனும் அவர் மனைவி மரகதமும் கடைக்கு வந்தார்கள். போர்வெல் வண்டியில் இருபத்திரண்டு வருஷம் துளை போட்டவர் செங்கோடன். கம்ப்ரசர் போட்ட கூச்சல் காதிலேயே தங்கிவிட்டது. நாலு மாதத்துக்கு முன்பு வேலையை விட்டுப் பார்த்தார். கூச்சல் அவரை விடவில்லை. தூக்கம் போயிற்று. டாக்டர், பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சத்தத்தை நிறுத்துகிற ஹெட்போன் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதை மரகதம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எந்தச் சத்தத்தை என்று சொன்னவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"ஏனுங் தம்பி, இவருக்குக் காதுல கொய்ய்னு ஒரு சத்தம். அதை நிறுத்தோணும். எது நல்லா நிறுத்தும்?"

கடைக்காரப் பையன் ரியாஸ் "சத்தம்", "நிறுத்தோணும்" என்ற இரண்டை மட்டும் காதில் வாங்கினான். "ரெண்டுமே சூப்பருங்க்கா. வெள்ளை மெத்துன்னு இருக்கும். கருப்பு சத்தத்தை அடக்கறதுல கில்லாடி."

முதலில் வெள்ளையை மாட்டினார்கள். அது தன்னால் ஆனமட்டும் சாத்தியது. செங்கோடன் முகம் சுருங்கியது.

"கொஞ்சம் கூடுனாப்ல இருக்குது," என்றார்.

"பார்த்தாயா? எல்லாம் உன் இடுக்கால் வந்தது," என்றது கருப்பு. "இந்த மனுஷனை நான் தூங்க வைக்கிறேன், பார்."

அது வெறும் வீம்பில் சொன்னதல்ல. அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அதுவும் பார்த்திருந்தது.

கருப்பு காதில் ஏறி உட்கார்ந்தது. ஏசியை விரட்டியது. சுவரில் ஓடிய பத்து டிவியையும் விரட்டியது. ரோட்டு ஹாரனை வாசலோடு அனுப்பியது. விலை பேசிக்கொண்டிருந்த மரகதத்தின் குரலையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

காது காலியானது. காலி வீட்டின் நடுவில் ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"யார் நீ? உன்னையும்தான் சொன்னேன், கிளம்பு!" என்று அதட்டியது கருப்பு.

"நான் எங்கே போவேன்?" என்றது இரைச்சல். "இந்தக் காதுக்குள்ளேயே பிறந்தவன் நான். இவ்வளவு நேரம் கூட்டத்தில் ஓரமாக ஒண்டிக் கிடந்தேன். எல்லோரையும் துரத்தி வீட்டையே எனக்குக் கொடுத்துவிட்டாய். நீ நல்லா இருக்கணும், ராசா."

சொல்லிவிட்டுக் கை காலை நீட்டிக்கொண்டது. காது முழுக்க அது ஒன்றே நிறைந்தது. செங்கோடன் மேசையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டி, கருப்பின் மெத்தை ஓரம் வரை வந்துவிட்டது.

"அண்ணே, கதவைத் திறங்க," என்றது வெளியே கிடந்த வெள்ளை.

"திறந்தால் அப்புறம் என்னை எவன் மதிப்பான்?"

"உங்கள் மேலே விழுவது என்ன என்று பாருங்கள்."

கருப்பு தன் மெத்தை ஓரத்து ஈரத்தைப் பார்த்தது. பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தது. கதவைத் திறந்துவிட்டது.

முதலில் உள்ளே வந்தது மரகதத்தின் குரல். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அவள் ரியாஸிடம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"...சத்தமே ஆகக் கூடாதுன்னு ஃபேனை நிறுத்திப் போட்டேன். டிவியை என்ற தங்கச்சி ஊட்டுக்குக் குடுத்துட்டேன். மிக்சி போடறதில்லைங். நானுமே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல பேசறதில்ல. ராத்திரி அவரு முழிச்சுக் கெடக்கறாரு, பக்கத்துல நானும் மூச்சை அடக்கிட்டுக் கெடக்கறேன். இன்னும் எதைத் தம்பி நான் நிறுத்தறது?"

இரைச்சல் நீட்டிய காலை மடக்கியது. "யாரைக் கேட்டு இவளை உள்ளே விட்டாய்?" என்று முனகியபடி நகர்ந்து உட்கார்ந்தது.

"வீட்டுக்காரி வருகிறாள். இன்னும் தள்ளு," என்றது கருப்பு.

செங்கோடன் ஹெட்போனைக் கழற்றினார். மரகதம் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"நிறுத்தாத புள்ள. பேசு."

"என்னத்தைங் பேசறது?"

"எதையாவது. நீ பேசுனா அது ஓரமாப் போயிருது."

"அட மனுசா! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நாலு மாசமா வாயைக் கட்டிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

செங்கோடன் தரையைப் பார்த்தார். "வேலையை விட்டுட்டேன்னு எம்மேல கோவத்துல பேசாம இருக்கறயோன்னு நெனச்சேன்."

மரகதம் அவரையே பார்த்தாள். முந்தானையால் தன் கண்ணைத் துடைத்து, அதே முந்தானையால் அவர் கண்ணையும் துடைத்தாள்.

"தம்பி, இது வேண்டாங் சாமி. உன்ற நேரத்தைக் கெடுத்துப் போட்டோம்."

"பரவால்லக்கா. ஒரு ஃபேன் பாக்கறீங்களா?"

"இருக்குதுடா. சுச்சைப் போட்டாப் போதும்."

ரியாஸ் இரண்டையும் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"நல்ல கிராக்கி போச்சு," என்றது கருப்பு.

"வருத்தமா அண்ணே?"

"சும்மா இரு. அந்தம்மா வாசலில் என்னமோ சொல்கிறாள், கேட்கவிடு."

திருச்செங்கோடு பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. நாலு மாதப் பேச்சையும் மரகதம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். தங்கச்சி வீட்டு மருமகள், பால் கறக்கவிடாத எருமை, சீட்டுக் கட்டாமல் ஓடிப்போனவள். பள்ளிபாளையம் தாண்டுவதற்குள் செங்கோடன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவள் பேச்சை நிறுத்தவில்லை.

இரைச்சலும் கூடவே வந்தது, உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே.